கம்பளிக்குள் பேசுகிறவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பதே பெரிய பேச்சாக இருந்த சமயம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் அண்ணனும் இருந்தார்கள். அவள் மடியில் பெரிய துணிப்பை. சூளகிரி தாண்டியதும் ஆரம்பித்தாள்.

“பட்டப்பகல்ல கம்பளியப் போத்திக்கிட்டுப் பேசுறாருண்ணா. யாருகிட்டன்னு நீயே சொல்லு.”

“மாப்ள கம்ப்யூட்டர்ல வெளம்பரம் பேசிப் பதியறாரு பாப்பா. வெளிச் சத்தம் மைக்குல ஏறக்கூடாதில்ல?”

“அதுக்குக் கதவச் சாத்தணுமா? ஃபேனையும் நிறுத்திட்டு, வேர்த்து ஊத்த வெளிய வர்றாரு. உள்ள ‘வாங்கக்கா, வாங்கக்கா’ன்னு கொழையிறாரு. எந்த அக்கா?”

“கேக்க வேண்டியதுதானே?”

“கதவத் தட்டித் தட்டிக் கேட்டேன். அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தாரு. அதான் அம்மா வீட்டுக்கு வந்துடறேன். இனி அங்க போமாட்டேன்.”

குந்தாரப்பள்ளியில் சந்தை நாள். பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. பக்கத்தில் மாங்கன்று விற்கும் ஆட்டோவின் குழாய் ஸ்பீக்கரிலிருந்து, “வாங்கம்மா, வாங்கக்கா, நல்ல ஒட்டு மாங்கன்னு!” என்று வந்தது.

அவள் நிமிர்ந்தாள். “அவரு குரலுண்ணா!”

அந்தக் குரலுக்குப் பின்னால், எங்கோ தூரத்தில் கதவைத் தட்டும் சத்தம். கூடவே ஒரு பெண், “எந்த அக்காய்யா? தொற!” என்று கத்துவதும் கேட்டது.

அண்ணன் சிரித்துவிட்டான். “சந்தைக்கே கேக்குது பாப்பா.”

அவள் சிரிக்கவில்லை. பையை இறுக்கிக்கொண்டு கேட்டாள்: “அப்போ அந்தக் கம்பளி என் சத்தத்துக்குத்தானா?”

நான் அங்கேயே இறங்கிவிட்டேன். கம்பளி போர்த்தினால் மைக்கில் சத்தம் குறையுமா, நான் எழுதியது சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.