அக்காவின் பயனர் கணக்கு

மின்சாரம் போய்ப் போய் வந்தால் சில கணினிகளுக்கு ஆளை அடையாளம் தெரியாமல் போய்விடும், மேடம். அதில் யார் தவறும் இல்லை. முதல் தடவை நடந்தது அப்படித்தான். அதை நான் செய்யவில்லை என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். அன்று காலை கணினியைத் திறந்தவள், "தம்பி, இங்க வாயேன். இது வேற யாரோட கம்ப்யூட்டரோ மாதிரி இருக்கு" என்று கூப்பிட்டாள். அவள் கண்ணுக்காகப் பெரிதாக்கி வைத்திருந்த எழுத்துகள் சிறுத்திருந்தன. படங்கள், கோப்புகள், மின்னஞ்சல் கடிதங்கள் ஒன்றையும் காணோம். கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல வெறும் திரை.

அலுவலகத்தில் எனக்கு இதுதான் வேலை. கோப்புகள் எங்கும் போயிருக்காது. அவளுடைய கணக்கைத் திறக்க முடியாதபோது, கணினி தற்காலிகமாக ஒரு வெற்றுக் கணக்கைக் காட்டும். அரை மணி நேரத்தில் சரிசெய்தேன். "நீ இல்லாட்டி கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரிதான்டா எனக்கு" என்றாள். மனதுக்கு நிறைவாக இருந்தது.

எல்லாம் திரும்ப வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் கடிதங்களைத் திறந்தேன். செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு பேராசிரியர், மனைவியை இழந்தவர். அந்தப் புத்தகத்துக்கு அக்காதான் பக்கம் அமைத்தாள். புத்தகம் முடிந்த பிறகும் இரண்டு வருடமாக இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். போனில் பேசவில்லை, நேரில்தான் பேசுவது என்று வைத்திருந்தார்களாம். அடுத்த மாதம் அவர் வந்து அழைத்துப் போவதாக முடிவாகியிருந்தது. என்னிடம் அக்கா மூச்சு விடவில்லை.

அப்பா அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. என்னை ஆளாக்கியவள் அவள். எனக்கு இப்போது நாற்பத்தாறு. இந்த வீட்டில் மூன்றாவது ஆள் இருந்ததே இல்லை.

இரண்டாவது தடவை நான்தான் செய்தேன். அவள் கணக்கு இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றினால் போதும், மறுபடி அதே வெறும் திரைதான். அதற்கப்புறம் வாரம் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் நானே சரிசெய்து கொடுத்தேன்.

"நீதான் எதையாவது அழுத்தியிருப்பேக்கா."

"நான் ஒண்ணுமே தொடலையேடா."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

போன வாரம் அவள் அப்படிச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தாள். அதில் சில பக்கங்களைக் கிழித்தேன். அடுப்பை இரண்டு தடவை நானே பற்றவைத்துவிட்டு, அணைக்க மறந்துவிட்டாய் என்றேன். மறதி என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனிதர். நான் சொன்னதை வைத்துத்தான் மாத்திரை எழுதினார். அதைப் போட்ட பிறகு அவள் பேச்சு கொஞ்சம் குழறியது.

கடைசித் தடவை பேராசிரியரின் கடிதங்களை அழித்துவிட்டு, இனி வருபவை அவள் கண்ணில் படாமல் செய்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்கத் தேடினாள். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, அவர் எனக்கு எழுதினாரு இல்ல?"

"புத்தக விஷயமா ரெண்டு தடவை எழுதினாரு. அதுக்கு மேல ஒண்ணும் இல்லக்கா."

"வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரே."

"இல்லக்கா."

"அப்போ எல்லாம் நானா நினைச்சுக்கிட்டதா? இந்த வயசுல இப்படி ஒரு ஆசையா எனக்கு? யார்கிட்டயும் சொல்லிடாதேடா" என்றாள். சொல்லவில்லை. இன்றுவரை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

சொன்ன தேதியில் அவர் வந்தார். ஒரு தொட்டிச் செடியோடு வாசலில் நின்றார். அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது, யாரையும் பார்க்கும் நிலையில் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். யார் வந்தது என்று உள்ளேயிருந்து கேட்டாள். கூரியர் என்றேன். அவர் நேராக போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுப்பார் என்று நினைக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். செய்தது நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாளும் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போது அவள் கணினிப் பக்கமே போவதில்லை. என்ன உடுத்துவது, சாப்பிட்டாயிற்றா இல்லையா, எல்லாம் என்னைத்தான் கேட்கிறாள். உள் அறையில்தான் இருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாயா என்று நீங்களே கேளுங்கள். இருக்கிறேன் என்பாள். சொல்வதற்கு முன் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். அது வெறும் பழக்கம்.