தட்டிப் பாத்து வாங்கற தெரு

சத்தியமா சொல்றேன்க்கா, நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா அந்த மாப்புக் கட்டையாலயே இன்னொண்ணு போடுங்க. இந்தப் பக்கமாப் போடுங்க, அந்தப் பக்கம் ஏற்கனவே வீங்கிப் போச்சு. போலீசைக் கூப்பிடறதுன்னா தாராளமாக் கூப்பிடுங்க, வேணாங்கல. கதையை முழுசாக் கேட்டுட்டுக் கூப்பிடுங்க. பாதியில வந்தாங்கன்னா மறுபடி முதல்ல இருந்து சொல்லணும், எனக்குத் தாடை வலிக்குது.

யாரு, இவனா? திருடன் இல்லக்கா, என் மச்சான். என் பொண்டாட்டிகூடப் பொறந்த தம்பி. கறிக்கடை வச்சிருக்கான், அதான் மூஞ்சியில அந்தக் களை. வாயில துணியை அடைச்சிருக்கறதால இப்ப பேச முடியாது. அது ஒரு விதத்துல நல்லது, அவன் பேசினா நீங்க ரெண்டாவது பல்லையும் எடுத்துருவீங்க.

அதோ எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாப்புல பையை மார்போட அணைச்சிக்கிட்டு நிக்கிறாளே, அவதான் வீட்டுக்காரி. புருஷனும் தம்பியும் கட்டிப் புரண்டு ரத்தம் கக்கறாங்க, ஒரு எட்டு கிட்ட வரலையேன்னுதானே பாக்கறீங்க? வரக்கூடாதுங்கறது ஏற்பாடு. நாங்க அடிச்சிக்கணும், அவ வேடிக்கை பாக்கணும். எங்களை இல்ல, உங்களை. எந்தக் கதவு திறக்குது, எந்த ஜன்னல் மூடுது, எவன் இறங்கி வர்றான், எவன் செல்போனைத் தூக்கறான். துணி தைக்கறவ, ஊசி நூல் கோத்த கண்ணு, ஒண்ணு தப்பாது.

எதுக்குன்னா, வீடு வாங்கக்கா.

சிரிக்காதீங்க. உங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி, பச்சைக் கேட்டுல விற்பனைக்குன்னு பலகை தொங்குதே, அந்த வீடு. என் தங்கச்சியும் அவ பொண்ணும் இருக்கறதுக்கு. நான் லாரி ஓட்டறேன், கிளம்பினா எப்ப திரும்புவேன்னு லாரிக்கே தெரியாது. அதுங்க ரெண்டும் தனியாத்தான் கிடக்கணும். எங்க பரம்பரையில இதுதான் முதல் சொந்த வீடு. நகரத்துக்குள்ள வாங்கணும்னா கிட்னியை வித்தாலும் கக்கூஸ்தான் வரும். அதனால பஸ்சு கடைசியாப் போய் நிக்கிற ஏரியாவாப் பாத்துப் பாத்து வர்றோம்.

புரோக்கர் கூட்டிட்டுப் போவான். தண்ணி இருக்குங்கறான், ஸ்டேஷன் கிட்டங்கறான், பள்ளிக்கூடம் நடக்கற தூரங்கறான். யாரு நடக்கற தூரம்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறான். சரி, இதெல்லாம் அவன் சொல்லுவான். ஐயோன்னு ஒரு சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுக்காரன் வெளிய வருவானான்னு எந்தப் புரோக்கர் சொல்லுவான்? மண்சட்டி வாங்கினாலே ரெண்டு தட்டுத் தட்டிப் பாத்துதானே வாங்கறோம். ஒரு தெருவைத் தட்டிப் பாக்காம வாங்கலாமா? தெருவை எதால தட்டறது? எங்களாலதான் தட்டணும்.

யோசனை என் பொண்டாட்டியோடது. அடி என்னோடது. குடும்பம்னா அப்படித்தானே.

சட்டமெல்லாம் பேசி வச்சிக்கிட்டோம். மூஞ்சியில கூடாது, தொப்புளுக்குக் கீழ கூடாது, யாராவது நிறுத்துன்னு சொன்னா நிறுத்திறணும். எல்லாத்துக்கும் இவன் தலையை ஆட்டினான். கறி வெட்டறவனுக்கு எலும்பு எங்க இருக்குன்னு தெரியும்க்கா, எங்க நிறுத்தணும்னு தெரியாது.

முதல்ல போனது அந்த ரயில் பாதையோரம் புதுசா எழுந்த ஏரியா. அடுக்கடுக்கா வீடு, எல்லாம் ஒரே கலர், பால்கனியில பூந்தொட்டி. அழகுன்னா அழகு. வாசல்லயே இவன் என் சட்டையைப் பிடிச்சான். நான் ஒரு குத்து விட்டேன், செல்லமாத்தான். இவன் திருப்பி விட்டான் பாருங்க, வயித்துல. காலையில தின்னது, முந்தின நாள் தின்னது, எல்லாம் ஒண்ணா மேல வந்திருச்சு. கீழ விழுந்து கிடக்கறேன், கத்தறேன், காப்பாத்துங்கன்னு. நடிப்புன்னு நினைக்கறீங்களா? நிஜமாத்தான் கத்தினேன். மேல பாத்தேன். ஒவ்வொரு ஜன்னல்லயும் திரைச்சீலை லேசா அசையுது. ஒருத்தன் வரல. கடைசியா வாட்ச்மேன் வந்தான். வந்து என்ன சொன்னான் தெரியுமா, ரத்தத்தைப் புல்லு மேல துப்பாதீங்க, இப்பதான் போட்டதுன்னான். பொண்டாட்டி தூரத்துல இருந்தே கையை ஆட்டிட்டா. வேணாம்.

அடுத்து ஃபேக்டரி பக்கம். அங்க வந்தாங்க. வட்டமாக் கூடினாங்க. மனசு குளுந்துருச்சுக்கா, ஆஹா மனுஷங்கன்னு. பாத்தா, ஒருத்தன் என் மேல பந்தயம் கட்டியிருக்கான். நான் விழுந்ததும் ஓடி வந்து தூக்கறான். எந்திரி, உன்னை நம்பித்தானே கட்டினேன்னு முதுகுல தட்டிக் குடுத்து மறுபடி தள்ளி விடறான். இன்னொருத்தன் செல்போனை வச்சிக்கிட்டு, அண்ணே, அந்த மூக்குல குத்தினீங்களே, அதை வெளிச்சத்துக்கு வந்து ஒரு தடவை குத்துங்கங்கறான். இந்தப் பாவி குத்தினான்க்கா. கேட்டாங்களேன்னு குத்தினான். அன்னிக்குத்தான் இந்த மூக்கு இந்தப் பக்கம் திரும்பினது. முன்ன நேரா இருந்துச்சு, நல்லா இருப்பேன், பொண்டாட்டியைக் கேட்டுப் பாருங்க.

வாய்க்கால் ஓரம் ஒரு ஏரியா, விலை ரொம்ப சல்லிசு. ஏன்னு அங்க போனப்புறம் தெரிஞ்சுது. நாங்க ரெண்டு அடிகூட அடிச்சிருக்க மாட்டோம், கம்பியும் கட்டையுமா ஒரு கும்பல் வந்துச்சு. விலக்கவான்னு நினைச்சேன். கேள்வியே இல்லை, யாரு என்னங்கற விசாரணையே இல்லை, சேந்துக்கிட்டாங்க. எங்க தெருவுல எங்களைக் கேக்காம யாருடா அடிச்சுக்கறதுன்னு ரெண்டு பேரையும் சேத்து வச்சு வெளுத்தாங்க. விலா எலும்பு முறியற சத்தம் காதுல கேக்காதுக்கா. உள்ளேயிருந்து, பல்லு வழியாக் கேக்கும். இவன் அப்ப என் மேல குப்புறப் படுத்துக்கிட்டான். அதுவரைக்கும் என்னைக் கொல்லப் பாத்தவன், எனக்கு விழ வேண்டியதை எல்லாம் முதுகுல வாங்கிக்கிட்டான். மச்சான் முறைன்னா சும்மாவா. வீட்டுக்கு வந்து முதுகுக்கு மருந்து போடறப்ப மட்டும், நீ கனமா இருக்கடா, மூச்சு முட்டிருச்சுன்னேன். எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கி அடிச்சான்.

இப்ப உங்க தெரு. என்ன சொல்ல. அவன் கையை ஓங்கினதும் மாடியில இருந்து உங்க குரல் கேட்டுச்சு. அடுத்தது மாப்புக் கட்டை கேட்டுச்சு. அந்தக் கடையில இருந்து முடிவெட்டற அண்ணன் சீப்பைக் காதுல சொருகிக்கிட்டு ஓடி வர்றாரு. பின்னாலயே சவரம் பண்ணிக்கிட்டிருந்தவரு, பாதிக் கன்னம் நுரை, பாதிக் கன்னம் வழுவழுன்னு, கழுத்துல துண்டு பறக்க வந்து மச்சான் கழுத்தை அக்குள்ல இடுக்கினாரு பாருங்க. அப்பதான் இவனுக்கு அந்தப் பல்லு போச்சு. அந்தச் சந்தோஷத்துல நான் ஒரு நிமிஷம் அடிக்கறதையே மறந்துட்டேன். நீங்க என்னைச் சுவத்தோட சாத்தி, யாரு யாரை அடிக்கறது, எதுக்குடா அடிக்கறதுன்னு கேட்டீங்க. இத்தனை தெரு பாத்துட்டோம்க்கா. அந்தக் கேள்வியைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். அங்க பாருங்க, பஸ் ஸ்டாப்புல அழுதுக்கிட்டு இருக்கா. அது துக்கம் இல்ல, வீடு பிடிச்சிருச்சு.

நடிப்பு மாதிரித் தெரியலையா? கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. ஆமா, இன்னிக்கு மட்டும் நடிப்பு இல்ல. என் தொண்டையில பதிஞ்சிருக்கு பாருங்க அஞ்சு விரலும். நானும் அவன் காதைக் கடிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் இவன் வேற பஸ்ஸுக்கு நடந்தான், நான் மறிச்சேன். அதுல ஆரம்பிச்சுது. உங்க தெருவுல சும்மா நடிக்கத்தான் வந்தோம், இங்க வந்து நிஜமாப் போயிருச்சு.

அண்ணே, முடிவெட்டற அண்ணே, மச்சானோட அந்தப் பையை அவன் கையில குடுத்துறாதீங்க. உள்ள பேப்பர் சுத்தி இருக்கறது கடைக் கத்திதான். தொடை எலும்பையே ஒரே போடுல ரெண்டாக்கும். எனக்குக் கொண்டாரல அதை. என் தங்கச்சி புருஷனுக்குக் கொண்டாந்தான்.

இன்னிக்குக் காலையில ஜெயில்ல இருந்து வெளிய விட்டுட்டாங்களாம் அவனை. இன்னும் நாள் இருக்குன்னு நினைச்சிருந்தோம், அதுக்குள்ள வீட்டை முடிச்சிறலாம்னு. பஸ்ஸுல வர்றப்பதான் போன் வந்துச்சு. இவன் விடியக்காலையிலேயே கேள்விப்பட்டு கத்தியோடதான் கிளம்பியிருக்கான், எங்க கிட்ட மூச்சு விடல. ஏன் இவனுக்கு இவ்வளவு வெறின்னா, அந்த மாப்பிள்ளையைக் கொண்டு வந்ததே இவன்தான். கடைக்குக் கறி வாங்க வர்ற ஆளு, பொறுமையா வரிசையில நிப்பான், நல்லவன்னு இவன்தான் சொன்னான். போய் வெட்டிட்டு உள்ள போறேங்கறான். அப்புறம் இவன் பிள்ளைங்களுக்கு எவன் கறி வெட்டிப் போடுவான்? அதான் தொண்டையைக் குடுத்துப் பிடிச்சு வச்சிருந்தேன், நீங்க வர்ற வரைக்கும்.

என்ன பண்ணினானா? நல்ல ஏரியாக்கா அது. லிஃப்ட்டு, கேமரா, கீழ ஊஞ்சல் எல்லாம் உண்டு. என் தங்கச்சியைத் தலைமுடியைப் பிடிச்சு மாடிப்படி வழியாவே கீழ வரைக்கும் இழுத்துட்டு வந்தான். ஒவ்வொரு படியிலயும் தலை இடிச்சிருக்கு. ஒவ்வொரு மாடியிலயும் கதவு. ஒவ்வொரு கதவுலயும் அந்தச் சின்னக் கண்ணாடி ஓட்டை. கை ரெண்டு இடத்துல முறிஞ்சுது, ஒரு கண்ணு இன்னும் மங்கல்தான். அதையெல்லாம் அவ பேசறதே இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொல்லுவா. ஒரு வீட்டுக் கதவு சும்மா சாத்தி இருந்துச்சாம், உள்ள வெளிச்சம் தெரிஞ்சுதாம். அவ அதைப் பாத்துக் கையை நீட்டறப்ப, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாங்களாம். அண்ணே, மெதுவாப் போட்டாங்கண்ணே, எனக்குக் கேக்கக்கூடாதுன்னு மெதுவாப் போட்டாங்கங்கறா.

அழாதீங்கக்கா. நீங்க அழுதா இந்த நுரைக்கார அண்ணனும் அழுவாரு, மீதிக் கன்னத்தைச் சவரம் பண்ண முடியாது. வீட்டை இன்னிக்கே பேசி முடிக்கறோம். நான் நாளைக்கே லாரி எடுக்கணும், வேற வழியில்ல.

அதுக்காக, அப்பா முடிஞ்சுதுடான்னு நழுவாதீங்க யாரும். இவ்வளவு நேரம் ஓசியிலயா கதை கேட்டீங்க? ஒரு பல்லு, ஒரு மூக்கு, ரெண்டு விலா எலும்பு செலவு பண்ணிச் சொல்லியிருக்கேன். கூலி வேணும். காசு வேணாம், ஆளுக்கு ஒரு போன் நம்பர் குடுங்க, தங்கச்சி கிட்டக் குடுத்துட்டுப் போறேன். முதல்ல நீங்க சொல்லுங்கக்கா. தப்பு நம்பர் மட்டும் குடுத்துறாதீங்க, நாளைக்கு என் பொண்டாட்டியும் மச்சானும் வந்து உங்க வாசல்ல அடிச்சுக்குவாங்க. அவ இவனை மாதிரி இல்ல, எடுத்ததுமே மூஞ்சியிலதான் அடிப்பா.