தீயைக் கண்டால் ஒதுங்குகிறவர்

பஸ்ஸில் ஒட்டுக்கேட்க வசதியாக நான் எப்போதும் ஒரு கனத்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். அன்று விருதுநகரிலிருந்து சிவகாசி வரை அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனி ஏஜெண்டுகள் இருவர். மூத்தவர் பம்பாயில் ஆர்டர் பிடிப்பவர். இளையவர் ஒரிசாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“பம்பாயில தீவாளிக்கு லச்சுமி வீட்டுக்குள்ள வரணும்னு பட்டாசு கொளுத்துறாக, மாப்ள.”

“ஒரிசாப் பக்கம் செத்தவுகளுக்குல்ல கொளுத்துறாக, மச்சான். இருட்டுல கூப்பிட்டு, வெளிச்சம் காட்டித் திருப்பி அனுப்பணும். அவுகளோட நின்னு நானும் அண்ணன் பேரைச் சொல்லிட்டேன்.”

“பட்டாசு ஆலைத் தீயில செத்துப்போனாகளே, அவுகளையா?”

“ஆமா. வந்துட்டாக. ஆனா மத்தாப்பைக் கொளுத்துனா எம் முதுகுக்குப் பின்னால ஒதுங்குதாக. ரயில்லயும் கூடவே வந்துட்டாக. இப்ப வீட்டுல அடுப்பைப் பத்தவச்சா மூலையில முனகல் கேக்கு. தீயைக் கண்டு பயப்படுறவுகளை எப்படி மச்சான் அனுப்புறது?”

மூத்தவர் பற்றவைக்க எடுத்த பீடியை மெல்லச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, “பேட்டரி லைட்டை அடிச்சு அனுப்ப வேண்டியதுதானே” என்றாள்.