அந்த ஒரு பாட்டிலும் பதினொரு நாட்களும்

மேடையில் இருக்கும் நிர்வாகப் பொறியாளர் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, ஏரிக்கரைக் குடியிருப்புகளிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தையற்கடை அண்ணன் அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். தாளில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. எனக்குள் அப்படி இல்லை.

நம் முதன்மை நீர் ஆய்வாளர், நீங்கள் எல்லோரும் ‘பாட்டில் அக்கா’ என்று கூப்பிட்ட அம்மையார், போன வியாழக்கிழமை மாரடைப்பில் காலமானார். பத்தொன்பது வருடம் அவருக்கு உதவியாளனாக இருந்தேன். வாரம் இருமுறை படகில் போய் ஏரியில் ஒன்பது இடங்களில் தண்ணீர் எடுப்போம். காய்ச்சலோடும் வந்தவர் யார்? அவர்தான். சாயப்பட்டறைக் கழிவு ஏரியில் கலக்கிறது என்று முதலில் கண்டு சொன்னவர் யார்? அவர்தான். பட்டறை முதலாளி ஆய்வக வாசலில் நின்று சத்தம் போட்டபோது, “முடிவ மாத்த முடியாதுங்க. நீங்க தண்ணிய மாத்துங்க, நான் வேற முடிவு எழுதறேன்” என்று நிதானமாகச் சொன்னவர் யார்? அவரேதான்.

இதுவரை எனக்குக் குழப்பமில்லை. இனிமேல்தான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. குடிநீருக்காக ஏரியிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் எடுத்த பாட்டிலில், ஈயம் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் மூன்று மடங்கு இருந்தது. அரை மணி நேரத்தில் நீரேற்று நிலையத்தை மூடச் சொன்னார். மறுநாள் எடுத்த தண்ணீரில் ஒன்றுமில்லை. “ஒரு நாள் வந்தது இன்னொரு நாளும் வரும். வெளி ஆய்வகம் சொல்லட்டும், திறப்போம்” என்றார். அந்தப் பதில் வரப் பதினொரு நாள் ஆனது. ஊரே குடத்தோடு தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்றது. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அன்று அவரைத் திட்டினீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். கடைசியில் வெளி ஆய்வகமும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றது. அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது.

அன்றைய பாட்டில்களைக் கழுவியவன் நான்.

ஈயம் பார்க்கும் பாட்டிலை அமிலத்தில் ஊறவைத்துத்தான் கழுவ வேண்டும். இல்லையென்றால் பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஈயமே கணக்கில் வந்துவிடும். முந்தின நாள் மாலை, என் மனைவிக்குப் பிரசவ வலி என்று தொலைபேசி வந்தது. ஊறவைத்தேனா, வெறுமனே அலசி வைத்துவிட்டு ஓடினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. விசாரணையில் பாட்டிலைப் பற்றிக் கேட்டார்கள். “நான் வாங்கிப் பாத்துதான் தண்ணி எடுத்தேன். பொறுப்பு என்னோடது” என்று முடித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் படகில் கேட்டேன். “மேடம், அது என் தப்பா?”

“தெரியலப்பா. உனக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியல, மேடம்.”

“அப்ப ரெண்டு பேரும் தெரியலன்னே சொல்லுவோம். கயிற அவுத்து விடு.”

தண்ணீர் உண்மையிலேயே ஒரு நாள் கெட்டிருந்ததா? அப்படியானால் நம்மைக் காப்பாற்றியவரைத் திட்டியிருக்கிறோம். பாட்டில்தான் கெட்டிருந்ததா? அப்படியானால் என் அடியை அவர் வாங்கியிருக்கிறார். அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? தெரியாத ஒன்றைச் சொல்ல மனம் வரவில்லையா, இரக்கமா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று அவர் கணவர், நம் தையற்கடை அண்ணன், என்னைக் கேட்டார். “தம்பி, அவ அன்னிக்குத் தப்புப் பண்ணிட்டாளா? கடைசி வரைக்கும் எங்கிட்ட சொல்லவே இல்ல.” அண்ணா, இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். தவறு நடந்திருந்தால் அது என் கையில் நடந்தது. அவர் கையில் இல்லை. பொறியாளர் அவர்களே, இதை எழுதியும் தருகிறேன். அந்தக் கண்டனக் கடிதத்தை என் கோப்புக்கு மாற்றுங்கள்.

அவர் வேலையைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். இனி ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில் எடுப்போம். கழுவியவர் பெயர் பாட்டிலின் மேலேயே இருக்கும். அதற்குப் பிறகும் ஒரு நாள் மூன்று மடங்கு என்று வந்தால், அன்றைக்கும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். ஆனாலும் நிலையத்தை மூடச் சொல்வேன்.