சப்வூஃபரின் பின்பக்கக் குமிழ்

"ஏற்கெனவே ரெண்டு ஸ்பீக்கர் கத்துது. மூணாவதா ஒரு பெட்டி எதுக்குங்க? ஹால்ல மனுஷங்க உக்கார வேணாமா?"

"அது கத்தாதுடி, உறுமும். அப்பாவுக்குக் கீச்சுச் சத்தம்தான் கேக்கல. அடிச் சத்தம் இன்னும் கேக்குதுன்னு டாக்டரே சொன்னாரு."

"டாக்டர் காதுக்கு மெஷின்னாரு. சப்வூஃபரா எழுதிக் குடுத்தாரு?"

"அப்பாதான் மெஷினை மாட்டமாட்டேங்கிறாரே. நான் என்ன பண்ண?"

அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டியை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் நீச்சல் சொல்லித் தருகிறவள். குளத்தின் மறுபக்கம் வரை எட்டும் தொண்டை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவர். தான் வைத்த அளவு தப்பாது என்பது அவர் எண்ணம். அவர்கள் சண்டையை ஆரம்பித்தால் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். தானாக வந்து காதில் விழுவதைக் கேட்பது குற்றமில்லையே. நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டது மட்டும் என் வேலை.

சப்வூஃபர் பெட்டி வந்தேவிட்டது. அதை அப்பாவின் நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, இவர் நாலு காலில் ஹால் முழுக்கத் தவழ்ந்தார். தவழும்போது உறுமல் எங்கே நன்றாகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டியை வைக்க வேண்டுமாம்.

"தவழ்ற வயசுலயே எனக்குக் கட்டி வெச்சுட்டாங்க போல, அக்கா," என்றாள் அவள், வாசலில் நின்று வேடிக்கை பார்த்த என்னிடம்.

என் சுவர் மூலைதான் தேறியது. பின்பக்கக் குமிழைத் திருகிச் சத்தத்துக்கு அளவு வைத்து, பெட்டியை மூலையில் தள்ளி, யாரும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

பெரியவர் வெறும் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. கட்டைவிரல் மெல்லத் தாளம் போட்டது.

"டிரம்ஸ் கேக்குதுடா," என்றார்.

மூன்று வருஷமாக வாயே திறக்காத மனிதர். மருமகள் அழுதுவிட்டாள். அன்றோடு சண்டை நின்றது. மாலையில் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். என் பக்கம் வந்ததெல்லாம் தும், தும், தும். ஒரு மனுஷி அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

அவர்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. இருவரும் வேலைக்குப் போனபின் பெரியவருக்கு மதியம் டீ கொடுப்பது நான்தான். போகும்போது பெட்டியின் பின்னால் கையை விட்டு, குமிழை ஒரு மயிரிழை குறைப்பேன். ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை. எந்தக் காதும் கண்டுபிடிக்காது. நான் அவசரப்படவில்லை. நாற்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் பெரியவர் காலை அழுத்தி ஊன்றினார். பிறகு நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு உள்ளங்கையைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தார்.

"இதுவும் போச்சுடா," என்றார்.

மகன் ஸ்டீரியோவின் சத்தத்தைக் கூட்டினார். கீச்சுச் சத்தம் கூரையைப் பிய்த்தது. மருமகளின் தொண்டை திரும்பி வந்தது.

"அந்தப் பெட்டியைப் பாருங்களேன், எதாச்சும் கெட்டிருக்கும்."

"பெட்டியில ஒண்ணும் இல்ல. நான் வெச்ச அளவு. அப்பாவுக்குத்தான் முழுசா போயிடுச்சு."

அளவின் மீது அவருக்கு அத்தனை நம்பிக்கை. சந்தேகப்பட்டதெல்லாம் அப்பாவின் காதைத்தான். எனக்கு அவை நல்ல வாரங்கள்.

ஒரு மதியம் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, பெரியவர் டீயைத் தொடாமல் என் வாயையே பார்த்தார்.

"டிரம்ஸ் உங்களுக்குக் கேக்குதாம்மா?"

"நல்லா கேக்குதே ஐயா," என்றேன். தலையாட்டிக்கொண்டார். அதன்பின் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாற்பதாம் நாள் குமிழ் பூஜ்யத்துக்கு வந்தது. ஆமாம், நான்தான். ஆனால் நான் குறைத்தது பெட்டியைத்தான். அவர் காதை நான் தொடவேயில்லை.

பெரியவரை, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து தன் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டாள். இரண்டு மாதத்தில் மருமகள் குளத்துக்குப் பக்கத்தில் தனி அறை பார்த்துக்கொண்டாள்; மகன் கடைக்குப் பின்னாலேயே படுக்கிறார். இப்போது அந்த வீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. குசுகுசுவென்று பேசுகிறார்கள், தலைவலிதான் மிச்சம். பெரியவருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்: மகளும் மருமகனும் எப்படி, ஒத்துப்போகிறார்களா என்று. காதில் விழாவிட்டால் பரவாயில்லை, கண்ணில் பட்டதை எழுதினால் போதும்.