வேலியோரத்து அரை அடி

வேலி போடுவதென்றால் நாலு கல்லை நட்டுக் கம்பியை இழுத்துவிடுகிற காரியமில்லை, ஐயா. பட்டா நகல் எடுக்க வேண்டும். தாலுகா ஆபீசில் அளப்பதற்கு மனுக் கொடுக்க வேண்டும். பக்கத்து மனைக்காரருக்கு நோட்டீசு போக வேண்டும். சர்வேயர் வந்து அளந்து காட்டிய பிறகுதான் குழி தோண்ட வேண்டும். மதில் என்றால் நகராட்சியிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். கரண்டு ஒயர் போகிற இடத்தில் இரும்புக் கம்பியை ஒதுக்கித்தான் கட்ட வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு ஆபீசாகப் போய் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

கோதண்டபாணி யாரையும் கேட்கவில்லை.

அவர் கம்மாபுரத்துப் பக்கம். நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று கிளம்பி வந்து, என் வீட்டுக்கு மேற்கே காலியாகக் கிடந்த மனையை வாங்கினார். 2006 பங்குனியில், வீட்டுக்குக் கடைக்கால் போடுவதற்கு முன்பே, முள்கம்பி வேலி போட்டார். கயிறு பிடித்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"அளந்துட்டுப் போடலாமில்ல?"

"யக்கா, அளக்குற சங்கிலியே எனக்கு ஆவாது. எங்க ஊர்லயும் மொதல்ல அளந்துட்டுத்தான் போனாங்க. இப்ப ஊரே இல்ல."

"அதுக்காவ குத்துமதிப்பா போடறதா?"

"ஒங்க எடத்துல ஒரு சாணுகூட வர மாட்டன்க்கா. வந்தா கம்பியோட என்னயும் சேத்துத் தூக்கி ரோட்டுல போடுங்க."

அவர் மனைவி பூங்கோதை மண் அள்ளிக்கொண்டிருந்தாள். "அவர மட்டும் போடுங்கக்கா, நான் இங்கியே இருந்துக்கறன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

வேலி முடிந்ததும் பார்க்கிறேன், பழைய எல்லைக்கல் வேலிக்கு நேராக இல்லை. என் பக்கமாகத் தள்ளி, என் குளியலறையின் பக்கச் சுவரடியில் ஒண்டிக்கொண்டிருந்தது. கல் தானாக நடக்காது. யாரோ நகர்த்தியிருக்க வேண்டும். கல்லை ஏன் நகர்த்துவார்கள்? நாளைக்கு வேலியையும் அதன் பின்னாலேயே நகர்த்துவதற்கு. அந்தக் குளியலறை என் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு உயிரோடிருந்தபோது கட்டியது. அதற்கு மேற்கே எனக்கு ஒரு விரற்கடை இடமும் கிடையாது.

அன்றிலிருந்து தினமும் காலையில் டேப் பிடித்து, கல்லுக்கும் வேலிக்கும் அளந்து காலண்டரில் குறித்து வைத்தேன். ஒருநாளும் மாறவில்லை. மாறாததுதான் எனக்கு அதிகச் சந்தேகத்தைக் கொடுத்தது. வீடு கட்டிக் குடி வந்ததும் பூங்கோதை கெளுத்திமீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். எதற்காகக் கொடுக்கிறாள் என்று இரண்டு நாள் யோசித்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டேன். குழம்பைச் சாப்பிடவில்லை.

பிறகு நானே மனுப் போட்டேன். ஆடி மாதம் சர்வேயர் தங்கராசு வந்தார். கோதண்டபாணிக்கும் நோட்டீசு போயிருந்தது. சங்கிலியைக் கண்டதும் "நீங்க அளந்துக்குங்க சார், நான் நிக்க மாட்டன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மடியில் கனம் இல்லாதவர் ஏன் போக வேண்டும்?

சர்வேயர் இரண்டு தடவை அளந்தார். நான் சொன்னேன் என்று மூன்றாவது தடவையும் அளந்தார்.

"யம்மா, கல்லு சரியாத்தான் இருக்குது. யாரும் நவுத்தல. ஒங்க பாத்ரூம்தான் அரை அடி அவரு மனைக்குள்ள போயிருக்குது."

"அப்ப வேலி?"

"சொவர இடிக்கச் சொல்ல வாணாம்னு அரை அடி வுட்டுட்டுப் போட்டுருக்காரு. தெரிஞ்சுதான் செஞ்சிருப்பாரு. கல்லு கண்ணு முன்னால கெடக்குதே. நல்ல மனுசனா இருக்காரும்மா. நான் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறன்."

"நீங்க எதுக்கு? நானே சொல்றேன்."

நான் சொல்லவில்லை. நீங்கள் இதை நன்றிகெட்டதனம் என்று நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் தனக்குச் சொந்தமான இடத்தைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார், வாயைத் திறந்து சொல்லவும் மாட்டேன் என்கிறார். என்றைக்கு வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். அவர் கேட்கிற வரைக்கும் நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அவர் மண்ணில் நின்று குளிக்க வேண்டும். அவர் பார்த்தால் தலையாட்டுகிறேன், அவள் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கிறேன். இரண்டு பேரும் உள்ளே போய் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று சுவரில் காதை வைத்துக் கேட்டால், பேசுகிறது ஏதோ கத்தரிக்காய் விலை. என் காதுக்கென்றே அப்படிப் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

புரட்டாசிக் காற்றில், என் வீட்டுக்குக் கரண்டு வருகிற இரும்புக் குழாயின் உச்சியில் இருந்த பீங்கான் ரீல் உடைந்து விழுந்தது. ஒயர் குழாயில் படாமல் தாங்கி நிற்பது அந்த ரீல்தான். லைன்மேன் கலியமூர்த்தி வந்தார்.

"யம்மா, ஆபீசுல ரீலு ஸ்டாக்கு இல்ல. ஒங்க வூட்ல இல்லாததா? ஒன்னு குடுங்க."

விருத்தாசலத்தில் இது சகஜம்தான். பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் ரீலும் பியூஸ் கட்டையும் சாக்குக் கணக்கில் கிடக்கும். நான் முப்பத்தோரு வருஷம் தட்டிப் பார்க்கிற வேலையில் இருந்தேன். சூளையிலிருந்து இறக்குவதை ஒவ்வொன்றாகக் கட்டையால் தட்ட வேண்டும். நல்ல சரக்கு மணி மாதிரி நின்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் உடனே செத்துப்போகும். கீறல் விட்ட பீங்கான் வெயில் காலத்தில் ஒன்றும் செய்யாது. மழையில் ஈரம் உள்ளே இறங்கினால்தான் கரண்டைக் கசிய விடும்.

என் வீட்டில் நல்லது ஒரு சாக்கு, கழித்தது ஒரு சாக்கு. எதில் கையை விடுவது என்று நான் யோசித்தது உண்மை. ரொம்ப நேரம் இல்லை.

"நீங்க தட்டிப் பாத்துக் குடுத்தா நான் பாக்கவே வாணாம்மா" என்று வாங்கிக்கொண்டு ஏறினார். கட்டி முடித்து இறங்கியவர் குழாயையே பார்த்தார். கோதண்டபாணி வேலிக்கம்பியின் கடைசி முனையை அந்தக் குழாயில்தான் முறுக்கிக் கட்டியிருந்தார்.

"யாரும்மா இங்க கட்டுனது? இது தப்பு. பைப்புல கரண்டு எறங்குனா வேலி பூரா எறங்கும். கூப்புடுங்க, நான் சொல்றன்."

"வூட்ல யாரும் இல்ல. நானே சொல்றேன்."

"மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்."

நான் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே வேலியில் படர்ந்திருந்த என் பாகற்கொடியை அறுத்து எடுத்துவிட்டேன். பிஞ்சு நிறைய இருந்தது.

இப்போது கலியமூர்த்தியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஸ்டேஷனில் நீங்கள் எழுதிய தாளையும் படித்துக் காட்டினீர்கள். 'வயதின் காரணமாகக் காது மந்தமாகி, பழுதான பொருளை அறியாமல் எடுத்துக் கொடுத்தார்' என்றிருக்கிறது. என் மேல் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது தவறு. அந்த ரீலை நான் தட்டிப் பார்த்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை. அதனால்தான் வேறு தாள் கேட்டு, என் கையால் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

கோதண்டபாணி மேல் எனக்குக் கோபம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவர் விடிந்தால் சேத்தியாத்தோப்புக்கு வேலைக்குப் போய்விடுவார், பொழுது சாய்ந்துதான் வருவார். பகலெல்லாம் அந்த வேலியைத் தொடுகிறவள் பூங்கோதை ஒருத்திதான். துணி காயப்போட அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. தினமும் அளந்துகொண்டிருந்தவளுக்கு அதுவா தெரியாது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்று நாளும் அவள் வெளியே வரவில்லை. நான் சமையலறை ஜன்னலை விட்டு அதிகம் நகரவில்லை. நாலாம் நாள் பத்து மணி வாக்கில் வானம் கொஞ்சம் வெளுத்தது. அவள் வாளி நிறைய ஈரத்துணியோடு வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்து எப்போதும் போல் சிரித்தாள்.

"யக்கா, மழ வுட்டுடுச்சா? இங்க போடட்டா, உள்ளயே போடட்டா?"

"வுட்டுடுச்சி. போடு."

மழை விட்டுத்தான் இருந்தது. அவள் கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. வேலியைப் பற்றிக் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.