இடைவேளை மணிக்குப் பிறகு வந்த பதில்

மேடையில் வீற்றிருக்கும் அதிபர் அவர்களே, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வருகை தந்திருக்கும் பெரியோர்களே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, சட்டையில் கறுப்புப் பட்டி குத்தி அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் இருக்கும் என் தங்கச்சி, திருமதி இரத்தினம்மா மகேந்திரராஜா அவர்களே! உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நான் அப்துல் ஸமத். இருபத்திரண்டு வருடங்களாக இந்தப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். அந்த இருபத்திரண்டு வருடமும் ஆசிரியர் ஓய்வறையில் எனக்கு அடுத்த கதிரையில் இருந்தவர், இன்று நாம் நினைவுகூரும் கணித ஆசான் மகேந்திரராஜா அவர்கள். ஏற்பாட்டுக் குழுவினர் என்னிடம் ஒரு தாள் தந்திருக்கிறார்கள். அவர் பெற்ற பட்டம், வகித்த பொறுப்பு, வாங்கித் தந்த பெறுபேறு எல்லாம் இதில் இருக்கிறது. இதை வாசித்துவிட்டு இறங்கினால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்பது நாளாக நான் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடக்கிறேன். திறப்பு என் கையில்தான் இருக்கிறது. திறக்கத்தான் பயமாக இருக்கிறது.

சாவு வீட்டில் வைத்து இரத்தினம்மா தங்கச்சி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, கடைசியா அவர் உங்ககிட்ட என்ன பேசினார்?" நான் சொன்னேன், வழமையான பகிடிதான், வேறொன்றுமில்லை என்று. அது பொய். முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் அது இன்னும் மோசமானது.

அந்தப் பகிடி என்னவென்று வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஓய்வறையில் ஒரு சின்னக் கரும்பலகை இருக்கிறது. காலையில் ஒருவர் அதில் ஒரு பொன்மொழி எழுத வேண்டும், மற்றவர் எதிர்மொழி எழுத வேண்டும். நான் நிச்சயத்தின் பக்கம், அவர் சந்தேகத்தின் பக்கம். கணக்கு வாத்தியார் சந்தேகத்தின் பக்கமா என்று நீங்கள் சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம். நிச்சயம் இல்லாதவன் பாதி வழியில் நிற்பான் என்று ஏதோ ஒரு தளபதியின் பெயரில் நான் எழுதுவேன். பாதி வழியில் நிற்பவனுக்குத்தான் பாதை பிழை என்று தெரியும் என்று ஒரு கிரேக்க ஞானியின் பெயரில் அவர் எழுதுவார். அந்த ஞானி கிரேக்கத்தில் பிறந்தாரா, அல்லது அன்று காலை அவர் ஏறிவந்த பல்லேபொல பஸ்ஸில் பிறந்தாரா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஒருநாள் ஜெயந்தன் சேர் போனில் தேடிவிட்டு, இந்த வசனம் நாலு பேர் பெயரில் கிடக்கிறதே என்றார். அப்படியென்றால் நாலு பேருக்கும் சந்தேகம் வந்திருக்கிறது, நல்லதுதானே என்றார் மகேந்திரராஜா.

விதி ஒன்றே ஒன்று. இடைவேளை மணி அடிப்பதற்குள் பதில் எழுதாதவர் அன்றைக்கு மற்றவருடைய ரிலீஃப் பாடவேளையை எடுக்க வேண்டும். வராத ஆசிரியரின் வகுப்புக்குப் போவதென்றால் எங்களில் யாருக்குத்தான் பிடிக்கும்? ரிலீஃப் புத்தகம் எழுதும் நிஷ்மியா டீச்சர்கூட, கரும்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் போடுவார்.

நண்பர்களே, அவருக்குச் சந்தேகம் விளையாட்டு மட்டுமல்ல. நுஸ்லா என்ற பிள்ளை ஒரு கணக்கை வேறு வழியில் செய்திருந்தாள். விடை சரி, வழி தெரியாத வழி. பூச்சியம் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டார். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போன மனிதருக்கு அந்த வழியும் சரிதானோ என்று சந்தேகம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பஸ் ஏறி நாவுலவுக்குப் போய், அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று, தாளைத் திருப்பி வாங்கி முழுப்புள்ளி போட்டுவிட்டு வந்தார். ஒரு ஐந்து புள்ளிக்காக! சந்தேகம் வந்தால் எழுந்து போய்ப் பார்ப்பார். அதுதான் மகேந்திரராஜா.

நான் போய்ப் பார்த்தேனா?

அந்த வியாழக்கிழமை கரும்பலகை வெறுமையாக இருந்தது. எழுத வேண்டிய முறை அவருடையது. கதிரையில் சாய்ந்து, இடது தோளைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார். "ஸமத் சேர், இந்தப் பக்கம் ஒரு மாதிரி இறுக்கிப் பிடிக்குது. சந்தேகமா இருக்கு."

சந்தேகம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டால் நான் என்ன செய்வேன்? இருபத்திரண்டு வருடப் பழக்கம். எழுந்தேன், சோக்கட்டியை எடுத்தேன், எழுதினேன்: தன் உடம்பைச் சந்தேகிப்பவனுக்கு இரண்டு நோய். ஓய்வறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கும் என்னை வெளியே விடவில்லை. இடைவேளை மணி அடித்தது. அவர் பதில் எழுதவில்லை. நிஷ்மியா டீச்சர் என் பெயரை வெட்டிவிட்டு அவர் பெயரைப் போட்டார். மேல்மாடி, பத்து பி வகுப்பு. முப்பத்திரண்டு படி. நான் எண்ணியிருக்கிறேன், இந்த ஒன்பது நாளில் பல தடவை.

பாடவேளை முடிந்து இறங்கி வந்தவர் கடைசிப் படியில் உட்கார்ந்தார். முச்சக்கரவண்டி ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது என் மடியில் இருந்தது அவருடைய உடல் மட்டும்தான். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தங்கச்சி, இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது பகிடி அல்ல. அதைப் பகிடியாக்கியவன் நான். நீங்கள் எழுந்து போனாலும் சரி, இனி என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி, அது உங்கள் உரிமை. மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட இன்று எனக்கு இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் பத்து பி வகுப்புக்குப் போன நிஷ்மியா டீச்சர் என்னை மேலே கூப்பிட்டார். பிள்ளைகள் கரும்பலகையை அழிக்காமல் வைத்திருந்தார்கள். மேல் மூலையில் அவருடைய சாய்ந்த எழுத்து: இரண்டு நோய்க்காரனுக்கு இரண்டு நாள் லீவு கொடுக்க வேண்டும். கீழே கிரேக்க ஞானி இல்லை, தளபதி இல்லை. மகேந்திரராஜா என்று போட்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயர்.

இடைவேளை மணிக்குப் பிறகு எழுதிய பதில் செல்லாது என்பது விதி. அந்த விதியை இந்தச் சபை முன்னிலையில் நான் நீக்குகிறேன். அவருடைய பதில் செல்லும். அதற்கு மறுபதில் என்னிடம் இல்லை. மணி அடித்து ஒன்பது நாளாகிவிட்டது, நான் தோற்றுவிட்டேன்.

தோற்றவன் ரிலீஃப் எடுக்க வேண்டும். புதிய கணித ஆசிரியர் வரும்வரை மகேந்திரராஜா அவர்களின் பாடவேளைகளுக்கு நேரே என் பெயரை எழுதும்படி நிஷ்மியா டீச்சரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகளே, சக ஆசிரியர்களே, உங்களில் எவராவது என்னிடம் வந்து சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னால், இனி நான் வசனம் தேடமாட்டேன். கையிலிருப்பதை வைத்துவிட்டு உங்களோடு வருவேன். அவருடைய பணியைத் தொடர்வது என்றால் எனக்குத் தெரிந்தவரை அதுதான்.

திங்கட்கிழமை முதலாம் பாடவேளை பத்து பி, கணிதம். வரலாறு மட்டும் தெரிந்தவன் அந்த முப்பத்திரண்டு படியும் ஏறப்போகிறேன். ஒழுங்காகச் செய்வேனா, மகேந்திரராஜா சேர்? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.